தூக்கிப் போட முடியாதவரும் அவரோடு வாழ்பவர்களும்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், பொருள் குவிப்புக் கோளாறு முதன்முறையாகத் தனி நோயாக இடம்பெற்றது. அதன் அறிகுறிகளைச் சொல்லும் பகுதியில் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. வீட்டில் புழங்கும் இடங்களைப் பொருள்கள் அடைத்துக்கொண்டு, அந்த இடங்கள் எதற்காக அமைக்கப்பட்டனவோ அதற்குப் பயன்படாமல் போயிருக்க வேண்டும் என்று கூறிவிட்டு, அவ்விடங்கள் அடைசலின்றி இருக்குமானால் குடும்பத்தினர், துப்புரவுப் பணியாளர், அதிகாரிகள் போன்ற பிறருடைய தலையீடு மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று அந்த வரி சேர்த்துச் சொல்கிறது. ஒருவருடைய நோயை வரையறுக்கும்போதே அவரோடு வாழ்பவர்களின் உழைப்பையும் கணக்கில் சேர்க்கும் வரி அது.

கூட்டாகவோ நெருக்கமாகவோ வாழும் நம்முடைய குடும்பங்களுக்கு அந்த வரி மிகவும் பொருந்தும். மாமனார் மாடியறையில் சேர்த்து வைக்கும் அட்டைப் பெட்டிகளை மருமகள் மாதமொரு முறை அவருக்குத் தெரியாமல் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறார். அம்மா கட்டிலுக்கடியில் திணிக்கும் தயிர் டப்பாக்களையும் பிளாஸ்டிக் கவர்களையும் மகள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கைப்பையில் மறைத்து எடுத்துச் சென்று தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகும் உறவினர் கண்ணுக்கு அங்கே நோய் எதுவும் தெரியாது. வீடு ஒழுங்காக இருப்பதால் வீட்டில் உள்ளவருக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த ஒழுங்குக்குப் பின்னால் நாள்தோறும் நடக்கும் சண்டையும் ஒளிவுமறைவும் உடல்சோர்வும் எந்த மருத்துவக் கோப்பிலும் ஏறுவதில்லை. இந்த நோயைப் பற்றிப் பேசும்போது நோயாளியோடு சேர்ந்து குடும்பத்தையும், உதவி தேவைப்படும் தனித்தரப்பாகவே எண்ண வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், எது நோய், எது நோயன்று என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கடையில் கொடுத்த கவரை மடித்து வைப்பதும், காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்புக் கொட்டி வைப்பதும், பரணில் இரண்டு தலைமுறைப் பாத்திரங்கள் இருப்பதும் நம் வீடுகளில் சாதாரணம். அது சிக்கனம், சில வேளைகளில் பாசம். தபால்தலை, நாணயம், பழைய இசைத்தட்டு சேகரிப்பவரும் நோயாளி ஆகமாட்டார். சேகரிப்பவர் தேடித் தேர்ந்தெடுக்கிறார், வகைப்படுத்துகிறார், வந்தவர்களிடம் பெருமையாக எடுத்துக் காட்டுகிறார். பொருள் குவிப்புக் கோளாறு உள்ளவர் தம் வீட்டைப் பிறர் பார்ப்பதையே அஞ்சுகிறார். பொருளின் உண்மையான மதிப்பு என்னவாக இருந்தாலும் அதைக் கழிக்க முடியாமை தொடர்ந்து இருக்க வேண்டும். கழிக்க நேரும்போது கடுமையான மனவேதனை எழ வேண்டும். அதன் விளைவாக வீடு அடைபட வேண்டும். வேலை, உறவு, பாதுகாப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குலைய வேண்டும். மூளைக் காயம் போன்ற உடல்நோயோ வேறொரு மனநோயோ இதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இவை சேர்ந்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். எளிமையாகக் கேட்பதென்றால், அடுப்பில் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா, குளியலறையில் குளிக்க முடிகிறதா என்று கேட்கலாம்.

2013க்கு முன்பு இந்தப் பழக்கம் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கூறாகவே பெரும்பாலும் பார்க்கப்பட்டது. அந்நோயாளிகளுக்குப் பயன்பட்ட மருந்துகளும் பயிற்சிகளும் இவர்களிடம் போதிய பலன் தரவில்லை என்பதும், பொருள் குவிப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே ஓசிடி இருக்கிறது என்பதும் தெளிவான பிறகே இரண்டும் பிரிக்கப்பட்டன. உலக நலவாழ்வு அமைப்பின் பதினொன்றாம் நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அதிலும் இது தனி நோயாக இடம்பெற்றது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது நூறு பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. இவ்வளவு பரவலான ஒன்று பொதுப்பேச்சில் இத்தனை குறைவாக இடம்பெறுவதற்கு அவமானமே முதற்காரணம்.

குடும்பம் என்ற தடுப்பு முற்றிலும் இல்லாமல் போனால் இந்நோய் எதுவரை செல்லும் என்பதற்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த ஹோமர் கோலியர், லாங்லி கோலியர் சகோதரர்களின் கதையே பெரிதும் அறியப்பட்ட சான்று. அவர்களுடைய தந்தை மருத்துவர். ஹோமர் சட்டம் படித்தவர், லாங்லி பொறியியல் படித்தவர். பெற்றோர் இறந்த பின் ஐந்தாம் அவென்யூவில் 2078ஆம் எண் வீட்டில் இருவரும் தனித்து வாழ்ந்தனர். 1930களில் ஹோமருக்குப் பார்வை போயிற்று. பின்னர் நடமாட்டமும் நின்றது. லாங்லி இரவில் வெளியே சென்று உணவும் கண்ணில் பட்ட பொருள்களும் கொண்டுவந்து சேர்த்தார். என்றாவது ஒருநாள் அண்ணனுக்குப் பார்வை திரும்பும், அப்போது விட்டுப்போன செய்திகளை அவர் படித்துக்கொள்ளட்டும் என்று செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாகச் சேமித்தார். 1947 மார்ச் 21 அன்று கிடைத்த தகவலின்பேரில் வந்த காவலர்களால் வாசல் வழியாக உள்ளே நுழைய முடியவில்லை. மாடிச் சன்னல் வழியாகப் போய் ஹோமரின் உடலைக் கண்டெடுத்தனர். லாங்லியை நகரமெங்கும் தேடினார்கள். ஏப்ரல் 8 அன்று அவருடைய உடல் அண்ணன் இறந்துகிடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ பத்தடி தூரத்திலேயே கிடைத்தது. திருடர்களுக்கு அஞ்சித் தாமே அமைத்திருந்த பொறி சரிந்து அவர்மீது விழுந்திருந்தது. உணவு கொண்டுவரும் தம்பி இறந்ததால் அண்ணனும் பட்டினியில் இறந்திருந்தார். பதினான்கு பியானோக்கள் உட்பட நூற்றிருபது டன்னுக்கும் மேற்பட்ட பொருள்கள் அந்த வீட்டிலிருந்து அகற்றப்பட்டன. அந்த ஆண்டிலேயே வீடும் இடிக்கப்பட்டது.

இந்தக் கதையைப் பெரும்பாலானவர்கள் விந்தையாகவே சொல்லிவருகிறார்கள். எனக்கு அந்தச் செய்தித்தாள் கட்டுகள்தாம் முக்கியமாகப் படுகின்றன. அவற்றை லாங்லி வைத்திருந்தது பேராசையால் அன்று. அண்ணன்மீது கொண்ட அன்பினாலும், ஒரு நாள் பயன்படும் என்ற நம்பிக்கையாலும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குப்பையாகத் தெரியும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்பதையும், அந்தக் காரணம் பலமுறை நல்ல காரணமாகவே இருக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளாமல் இந்நோயை அணுக முடியாது.

ஸ்மித் கல்லூரியின் உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்ட், டமாரா ஹார்ட்லுடன் சேர்ந்து 1996இல் முன்வைத்த விளக்கமே இன்றைய சிகிச்சைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. அவர்களுடைய பார்வையில் இந்தக் கோளாறு பல குறைபாடுகள் ஒன்றுசேர்ந்து உருவாவது. பொருள்களை வகைப்படுத்துவதில் சிரமம் இருக்கிறது: நாம் ‘மின்கட்டண ரசீதுகள்’ என்று ஒரே கோப்பில் போட்டுவிடும் காகிதங்கள் ஒவ்வொன்றும் அவருக்குத் தனித்தன்மை கொண்டதாகத் தோன்றுவதால், தனித்தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவெடுப்பதில் தவறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கிறது. தம் நினைவாற்றல்மீது நம்பிக்கை இல்லாததால், பொருள் கண்ணில் பட்டால்தான் அது தொடர்பான செய்தி நினைவிருக்கும் என்று எண்ணி, அலமாரிக்குள் வைக்காமல் எல்லாவற்றையும் வெளியே குவிக்கிறார். பொருளின்மீது மனிதர்மீது கொள்வது போன்ற பற்று இருக்கிறது. அதை வீணாக்கக் கூடாது, காப்பாற்ற வேண்டியது தம் கடமை என்ற பொறுப்புணர்ச்சியும் இருக்கிறது. கழிக்காமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் மனவேதனை உடனே தணிந்துவிடுவதால், தள்ளிப்போடுவதே பழக்கமாக வேரூன்றுகிறது.

இதற்கு மூளையிலும் தடயம் கிடைத்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் டோலின் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் குவிப்புக் கோளாறு உள்ள 43 பேர், ஓசிடி உள்ள 31 பேர், நோயற்ற 33 பேர் ஆகியோர் தங்கள் வீட்டுக்கு வந்த தபால்களைக் கொண்டுவந்தனர். ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி, ஒவ்வொரு காகிதத்தையும் வைத்துக்கொள்வதா, கருவியில் போட்டுக் கிழித்துவிடுவதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பிறருடைய காகிதங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது பொருள் குவிப்பவர்களின் மூளையில் முன்சிங்குலேட் புறணி, இன்சுலா என்னும் இரு பகுதிகளும் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தன. தம் காகிதங்கள் வந்தபோது அதே பகுதிகள் வழக்கத்தைவிட மிகையாகத் தூண்டப்பட்டன. எது முக்கியம், எதில் தவறினால் ஆபத்து என்பதை உணர்த்தும் பணியில் இப்பகுதிகளுக்குப் பங்குண்டு. நான்கு மாதத்துக்கு முந்தைய விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அரைமணி நேரம் தவிப்பதைப் பார்த்து ‘நடிக்கிறார்’ என்று கோபப்படும் மகனுக்கு இந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தத் தவிப்பு உண்மையாகவே நிகழ்கிறது.

நம்மிடையே அடிக்கடி கேட்கும் ஒரு விளக்கத்தையும் இங்கே பார்த்துவிடலாம். ‘அவர் பஞ்ச காலத்தில் வளர்ந்தவர், அதனால்தான் எதையும் விட மனசு வராது’ என்று பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறோம். ஃப்ராஸ்ட்டும் ரேச்சல் கிராஸும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் இளமை வறுமைக்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் பொருள் இல்லாமையைவிட, வாழ்க்கையில் நேர்ந்த அதிர்ச்சிகளையும் இழப்புகளையுமே அதிகம் சுட்டுகின்றன. துணை இறந்த பிறகு, பிள்ளை வெளிநாடு போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நிலைமை மோசமாவது பலரிடம் காணப்படுகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, பெண்களிடையே இந்நோய்க்கான வாய்ப்பு வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை மரபுக்கூறுகள் விளக்குவதாகக் கண்டது. வறுமை என்ற விளக்கம் கேட்பதற்குக் கனிவாக இருந்தாலும், அது குடும்பத்தைச் செயலற்று உட்கார வைத்துவிடுகிறது. பழையகால மனிதர், அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட வழிசெய்கிறது.

நோயின் காலக்கணக்கும் குடும்பத்துக்கு எதிராகவே இருக்கிறது. முதல் அறிகுறிகள் பெரும்பாலும் பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் தலைகாட்டுகின்றன. இருபதுகளின் நடுவில் அன்றாட வாழ்வில் குறுக்கிடத் தொடங்கி, முப்பதுகளின் நடுவில் கடுமையாகின்றன. சிகிச்சைக்கு வருகிறவர்களோ சராசரியாக ஐம்பது வயதை ஒட்டியவர்கள். அதாவது திருமணம், குழந்தைப் பேறு, பிள்ளைகளின் பள்ளிப்பருவம், அவர்கள் வளர்ந்து வெளியேறுதல் எல்லாம் நோய் பெயரிடப்படாத அந்த இடைவெளிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ஒரு குழந்தையின் முழு இளமையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அந்தக் குழந்தைகளைப் பற்றி டோலின், ஃப்ராஸ்ட், ஸ்டெக்கெட்டி முதலானோர் 2008இல் இணையவழி நடத்திய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பொருள் குவிப்பவர்களின் உறவினர் 665 பேரிடமிருந்து பெற்ற பதில்களை அவர்கள் பகுத்துப் பார்த்தனர். பத்து வயதுக்கு முன்பே அடைசல் மிகுந்த வீட்டில் வாழ நேர்ந்த பிள்ளைகள், பின்னர் அந்நிலைக்கு ஆளான பிள்ளைகளைவிட, இளமையில் மகிழ்ச்சி குறைவாக இருந்ததாகவும், நண்பர்களைச் சேர்த்துக்கொள்வதில் சிரமப்பட்டதாகவும், வீட்டுக்கு யாரையும் அழைக்க முடியவில்லை என்றும், பெற்றோருடன் பூசல் மிகுந்திருந்தது என்றும், வீட்டின் நிலையை எண்ணி வெட்கப்பட்டதாகவும் கூறினர். உறவினர்களிடம் நோயாளிமீது இருந்த வெறுப்பும் ஒதுக்கும் மனப்பான்மையும் மிக உயர்ந்த அளவில் இருந்தன. லண்டனில் டேவிட் மட்டே-கோல்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இக்குடும்பத்தினர் சுமக்கும் பராமரிப்புச் சுமை மறதிநோயாளிகளைப் பராமரிப்பவர்களின் சுமைக்கு இணையானது அல்லது அதைவிடக் கூடுதலானது என்று கண்டது. மறதிநோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஊரின் பரிவு கிடைக்கிறது. இவர்களுக்கு ‘ஒரு வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியவில்லையா?’ என்ற கேள்விதான் கிடைக்கிறது.

அந்தக் கேள்வி நம் சமூகத்தில் பெரும்பாலும் பெண்களை நோக்கியே வருகிறது. நோய் கணவருக்கு இருந்தாலும் மாமனாருக்கு இருந்தாலும் வீட்டின் அழுக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அந்த வீட்டுப் பெண்ணே என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். நோயே அவளுக்கு இருந்துவிட்டாலோ, சோம்பேறி, வீடு வைத்திருக்கத் தெரியாதவள் என்ற பழியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் எண்ணமே எழுவதில்லை. விருந்தாளி வராத வீடு மெல்ல உறவுகளிலிருந்து விலகுகிறது. அழைப்பு மணி அடித்தால் கதவை ஒருக்களித்துத் திறந்து, உடம்பால் வாசலை மறைத்துக்கொண்டு பேசி அனுப்பும் பழக்கம் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. தோழி வீட்டில் சேர்ந்து படிக்கலாம், தோழியைத் தன் வீட்டுக்கு அழைக்க முடியாது என்ற நிலையில் வளரும் பெண், ஏன் என்று கேட்கப்படும்போதெல்லாம் ஒரு பொய் சொல்லப் பழகுகிறாள். குழாய் ஒழுகினாலும் மின்விசிறி நின்றுபோனாலும் ஆளை உள்ளே விட வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் பழுது பார்க்காமல் விடும் வீடுகள் உண்டு. நோயைவிட அதை மறைக்கும் முயற்சியே அங்கே குடும்பத்தின் அன்றாடத்தை வகுத்துவிடுகிறது.

உடல் ஆபத்தும் சிறியதன்று. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் தீயணைப்புப் படை பத்தாண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து பார்த்தபோது, தடுத்திருக்கக்கூடிய வீட்டுத் தீ மரணங்களில் 24 சதவீதம் இத்தகைய வீடுகளில் நேர்ந்திருந்தது தெரியவந்தது. பொதுவாக வீட்டுத் தீ விபத்துகளில் பத்தில் ஒன்பது தீப்பற்றிய அறைக்குள்ளேயே அடக்கப்பட்டன. அடைசல் மிகுந்த வீடுகளில் பத்தில் நான்கு மட்டுமே அப்படி அடக்கப்பட்டன. எரிய நிறைய இருக்கிறது, வெளியேற வழி இல்லை, உள்ளே வருபவருக்கும் வழி இல்லை. தீ தவிர, சரிந்து விழும் குவியல், முதியவர் தடுக்கி விழுதல், எலி, கரப்பான், பூஞ்சணம், அதனால் வரும் மூச்சுத் திணறல் ஆகியவை எல்லாம் அந்த வீட்டில் வாழும் ஒவ்வொருவரையும் தாக்கக்கூடியவை.

இத்தனையையும் தாங்கிய குடும்பம் ஒருநாள் பொறுமை இழந்து செய்வது, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வேன் வைத்து எல்லாவற்றையும் அள்ளிப் போடுவது. அந்தச் செயலின் பின்னாலுள்ள ஆத்திரம் எனக்குப் புரிகிறது. பல குடும்பங்களுக்கு அதைத் தவிர வேறு வழி சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. ஆனால் இத்துறையில் பணிபுரிபவர்கள் அதை வன்மையாகவே மறுக்கிறார்கள். நோய் இருக்குமிடம் முடிவெடுக்கும் திறனிலும் பற்றிலும். குவியலை அகற்றினாலும் அவை இரண்டும் அப்படியே இருக்கின்றன, எனவே வீடு மீண்டும் நிறைகிறது. திரும்பி வந்து காலியான அறையைப் பார்ப்பவருக்கு அது கொள்ளை போலவும், நெருங்கியவர் இறந்தது போலவும் இருக்கிறது. அதன்பின் வீட்டில் யாரையும் அவர் நம்புவதில்லை. அறைக்குப் பூட்டுப் போடுகிறார், சேர்ப்பதை மேலும் இரகசியமாகச் செய்கிறார். மருமகளும் மகளும் செய்யும் சிறிய மறைமுகக் கழிப்புகளிலும் இதே சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது. ஒரு டப்பா காணாமல் போனதை அவர் கண்டுபிடித்த அன்று, எஞ்சிய ஆயிரம் டப்பாக்களைப் பற்றிய பேச்சுவார்த்தையும் முடிந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் உண்டு. சண்டையைத் தவிர்ப்பதற்காகக் குடும்பம் நோய்க்கு இடம்கொடுத்துக்கொண்டே போவது அது. சாப்பாட்டு மேசை போயிற்று, எல்லோரும் தரையில் சாப்பிடுகிறார்கள். பிறகு படுக்கையறை போயிற்று, பிள்ளைகள் கூடத்தில் படுக்கிறார்கள். வாடகைக்கு இன்னொரு அறை எடுத்து அவருடைய பொருள்களை வைக்கிறார்கள். ஒவ்வொரு படியும் அன்றைய அமைதிக்கு விலையாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் நோய் அந்த இடத்தையும் நிரப்பிக்கொள்கிறது.

சிகிச்சை என்று வரும்போது, கெயில் ஸ்டெக்கெட்டியும் ஃப்ராஸ்ட்டும் இந்நோய்க்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் இதுவரை வலுவான சான்று இருக்கிறது. ஏறத்தாழ 26 அமர்வுகள், பல மாதங்கள் நீடிப்பது. சிகிச்சையாளர் அவ்வப்போது வீட்டுக்கே வருகிறார். பொருளைத் தொடுபவரும் முடிவெடுப்பவரும் எப்போதும் நோயாளியே. வகைப்படுத்தப் பயிற்சி, கழித்தால் நேரும் வேதனையைத் தாங்கிப் பார்க்கும் பயிற்சி, புதிதாக வாங்காமலும் இலவசமாகக் கிடைப்பதை எடுக்காமலும் கடந்துபோகும் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். பெரும்பாலானவர்களிடம் சேர்க்கும் பழக்கமும் மிகையாக இருப்பதால் கடைசியாகச் சொன்ன பயிற்சிக்கு முக்கியத்துவம் உண்டு. இந்நோயோடு மனச்சோர்வு மிக அதிகமாகவும், கவனக்குறைவுக் கோளாறு கணிசமாகவும் சேர்ந்து வருகின்றன; அவற்றுக்கும் சேர்த்து மருத்துவம் பார்த்தால்தான் பயிற்சி பிடிக்கும். குடும்பத்தினர் பொய்யான நம்பிக்கையோடு தொடங்கக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: சிகிச்சை பெற்றவர்களில் பலருக்குத் தெளிவான முன்னேற்றம் ஏற்படுகிறது, ஆனால் பெரும்பாலோர் முழுமையாக நோயற்ற நிலையை எட்டுவதில்லை என்று 2015இல் டோலின் குழுவினர் செய்த தொகுப்பாய்வு காட்டுகிறது. பளிச்சென்ற வீடு என்ற கனவோடு சிகிச்சையை அளந்தால் அது தோல்வியாகவே தெரியும்.

நோயாளி சிகிச்சைக்கே சம்மதிக்காதபோது என்ன செய்வது என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களின் உண்மையான கேள்வி. தமக்கு நோய் இருப்பதை உணராமை இக்கோளாற்றில் மிகவும் காணப்படுவதால், வரையறையிலேயே அதற்கெனத் தனிக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவர் தம் சிகிச்சையைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை மதிக்கிறது. அடைசலை மட்டும் காரணமாகக் காட்டி யாரையும் மருத்துவமனையில் சேர்த்துவிட முடியாது. இந்த நிலைக்கென்று மேலைநாடுகளில் வளர்ந்திருப்பது தீங்கு குறைக்கும் அணுகுமுறை. பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற சண்டையை ஒத்திவைத்துவிட்டு, எங்கே இருக்கக் கூடாது என்பதில் மட்டும் உடன்பாடு காண்பது அதன் சாரம். கேஸ் அடுப்பைச் சுற்றிக் கைநீளத்துக்குக் காகிதமோ துணியோ இருக்கக் கூடாது. கட்டிலிலிருந்து வாசல்வரை ஒருவர் நேராக நடக்கும் அளவுக்கு வழி வேண்டும். மின்பெட்டியும் குளியலறையும் மறைபடக் கூடாது. குவியல் இடுப்புயரத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளை படிக்கும் மேசையும் படுக்கும் இடமும் அவனுடையவை, அங்கே எதுவும் வைக்கப்படாது. இப்படிச் சில எல்லைகளை அவரோடு உட்கார்ந்து பேசி வகுத்து, வாரமொருமுறை சேர்ந்து சரிபார்க்கலாம். ‘இந்தக் குப்பையை எப்போது தூக்கிப் போடுவீர்கள்?’ என்பதைவிட, ‘ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது நீங்கள் விழுந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது அப்பா’ என்று சொல்லும் மகனுக்குக் கதவு சற்றுத் திறக்க வாய்ப்புண்டு. அவருடைய பொருள்களைக் குப்பை என்று அழைப்பதை நிறுத்துவதே பல குடும்பங்களில் முதல் முன்னேற்றமாக அமைகிறது.

அடைசலின் அளவை வாய்ச்சண்டை இல்லாமல் பேசுவதற்கு ஃப்ராஸ்ட் குழுவினர் 2008இல் வெளியிட்ட படவரிசை ஓர் எளிய கருவி. கூடம், சமையலறை, படுக்கையறை ஆகிய மூன்றுக்கும் ஒன்பது ஒன்பது படங்கள். முதலாவது ஒழுங்கான அறை, ஒன்பதாவது கூரைவரை நிறைந்த அறை. தம் அறை எந்தப் படத்தை ஒத்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். நான்காம் படத்தை எட்டினாலோ அதற்கு மேல் போனாலோ மருத்துவ உதவி தேவைப்படலாம் என்று கொள்கிறார்கள். அந்தப் படங்கள் அமெரிக்க அறைகள். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் பூசையும் நடக்கும் நம் நகரத்து வீடுகளுக்கும், கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளுக்கும் ஏற்ற படவரிசை ஒன்றை நம் உளவியல் துறைகள் உருவாக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தரையே கட்டிலாகவும் சாப்பாட்டு மேசையாகவும் இருக்கும் வீட்டில், தரையில் பத்துக் கட்டுக் காகிதம் சேர்வதன் பொருள் வேறு.

இந்தியாவில் இந்நோய் அரிது என்று சொல்லிவிட முடியாது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் ஓசிடி நோயாளிகள் 200 பேரைப் பரிசோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் பத்து சதவீதத்தினரிடம் மருத்துவ முக்கியத்துவம் உள்ள அளவுக்குப் பொருள் குவிக்கும் பழக்கம் காணப்பட்டது. ஓசிடி இல்லாமல் இந்தக் கோளாறு மட்டும் உள்ளவர்களோ பெரும்பாலும் மருத்துவமனை வாசலுக்கே வருவதில்லை. அவர்களைத் தாங்கிப் பிடித்திருப்பது குடும்பம். ஒன்றை மட்டும் குடும்பத்தினர் தாமதிக்காமல் கவனிக்க வேண்டும். அறுபது வயதுவரை ஒழுங்காக இருந்தவர் திடீரென்று கண்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினால், அது மறதிநோயின், குறிப்பாக மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையின், அடையாளமாக இருக்கலாம். அவரை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இளமையிலிருந்து மெல்ல வளர்ந்த பழக்கத்துக்கும் இதற்கும் மருத்துவம் வேறு.

நோயாளி வர மறுத்தாலும் குடும்பத்தினர் தாங்களே மனநல ஆலோசகரிடம் போகலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்னும் தொலைபேசிவழி மனநலச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம். அழைப்பவர் நோயாளியாகவே இருக்க வேண்டியதில்லை. எப்படிப் பேசினால் கதவு மூடிக்கொள்கிறது, எப்படிப் பேசினால் திறக்கிறது என்பதில் குடும்பத்தினருக்கே பயிற்சி தரும் முறைகளை அமெரிக்காவில் கிரெகரி சாசன் போன்றவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளி ஒருமுறைகூட அமர்வுக்கு வராதபோதும் உறவினரின் மனச்சுமையைக் குறைப்பதே அவற்றின் நோக்கங்களில் ஒன்று. நம் மருத்துவமனைகளிலும் குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கென ஆலோசனை அமர்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. குடிப்பவர் வந்தால்தான் மனைவிக்கு உதவி என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அதே ஏற்பாட்டை இந்தக் குடும்பங்களுக்கும் நீட்டுவதற்குப் புதிய கட்டடமோ புதிய மருந்தோ தேவையில்லை. முதலில் செய்ய வேண்டியது, பள்ளி ஆலோசகரும் குடும்ப மருத்துவரும் ‘வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறதா? நண்பர்கள் வீட்டுக்கு வருவார்களா?’ என்ற இரண்டு கேள்விகளைக் குழந்தையிடம் தனியாகக் கேட்பது. இல்லை என்று பதில் வந்தால், குழந்தையைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்காமல், இது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருக்கும் ஒரு நோய், இதற்கு நீ காரணம் ஆகமாட்டாய், இதைச் சரிசெய்யும் பொறுப்பும் உன்னுடையதன்று என்று விளக்கிச் சொல்வது.